நான்காவது மாத்திரை

அடையாறு
3.6.2024

தேவானை அப்பாவுக்கு,

மேல் தட்டில் பொரியல் இருக்கும் என்று கேரியரைத் திறந்திருப்பீர்கள். காகிதம் இருக்கிறதே என்று கோபப்பட வேண்டாம். போனை அணைத்து பீரோவில் வைத்துவிட்டீர்கள். எதுவாக இருந்தாலும் எழுத்தில் கொடு என்று சொல்லித்தான் என்னை வாசல்வரை அனுப்பினீர்கள். முப்பது வருடம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்தவருக்குக் கட்டின மனைவியும் மனுப் போட வேண்டும் போலிருக்கிறது. போடுகிறேன்.

நான் ரோஷத்தில் வந்தவள் இல்லை. மாடிப்படியில் நாலு வீட்டு ஆட்கள் நின்றுகொண்டிருக்க, "இவ என் சாப்பாட்டுல என்னமோ கலக்குறா" என்றீர்களே, அதைக் கேட்ட பிறகு அந்த வீட்டில் எந்த முகத்தோடு அடுப்பைப் பற்றவைப்பேன்? நாற்பத்தொரு வருடம் சமைத்துப் போட்டிருக்கிறேன். உப்புக் கூடுதல், புளி குறைச்சல் என்று ஆயிரம் சொல்லியிருக்கிறீர்கள். இதைச் சொன்னதில்லை.

மகள் வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. தேவானையும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் உங்கள் கழுத்தெலும்புதான் கண்முன் நிற்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் எழுபத்து நாலு கிலோ. நான் கிளம்பிய அன்று அறுபத்தொன்று. பார்க்கில் உங்களோடு நடக்கிறவர்கள் சார் இளைத்து வாலிபன் ஆகிவிட்டார் என்று கைகுலுக்குகிறார்களாம். எனக்கு அதில் ஓர் அழகும் தெரியவில்லை. ஒன்றரை இட்லிக்கு மேல் இறங்குவதில்லை, அதையும் மருந்து போல விழுங்குகிறீர்கள். இப்படியே போனால் நீங்கள் எனக்கு மிஞ்ச மாட்டீர்கள் என்று பயமாக இருக்கிறது. மனதில் வைத்துக்கொள்ள முடியாமல் எழுதிவிட்டேன்.

கபாலி தினமும் பதினோரு மணிக்கு ஆட்டோவில் கேரியரைக் கொண்டுவந்து தருவார். மாத்திரை டப்பாவை இரண்டு வாரத்துக்கு நிரப்பி வைத்துவிட்டுத்தான் வந்தேன். வெறும் வயிற்றில் விழுங்காதீர்கள்.

ஜோதி


மயிலாப்பூர்
5.6.2024

ஜோதிலட்சுமிக்கு,

உன் 3ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. கேரியரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எவ்வளவு அனுப்பினாயோ அவ்வளவும் அதில் இருக்கிறது. கபாலி சாட்சி.

நான் வீண்பழி போடுகிறவன் இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஒரு வருடமாக உன் சாம்பார் சுண்ணாம்புத் தண்ணீர் போல இருக்கிறது. ரசம் நாக்கைப் பொசுக்குகிறது. உப்பும் தெரியாமல் உறைப்பும் தெரியாமல் ஒரு ரசம் எப்படி எரியும்? எதையாவது போட்டால்தான் எரியும். கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன். வழவழவென்று, மாட்டிறைச்சிக் கடையில் தொங்குவது போலச் சிவந்து கிடக்கிறது. பாலும் தயிரும் கபம் என்று நானே போன வருடம் விட்டுவிட்டேன், ஆகவே அவற்றில் நீ எதையும் செய்ய முடியாது. மற்றதெல்லாம் உன் கையில்தான் இருந்தது.

எடைக்காக நீ அழ வேண்டாம். கல்யாணத்தன்று இருந்த எடைக்கு வந்திருக்கிறேன். சர்க்கரை நூற்றுப் பத்து. டாக்டரைப் பார்க்கும் வேலைகூட இல்லாமல் பழைய சீட்டிலேயே மாத்திரை வாங்கிக்கொண்டிருக்கிறோம், இதைவிட வேறென்ன வேண்டும்? கால்தான் கொஞ்சம் சரியில்லை. வெறுங்காலோடு நின்றாலும் காலுறை போட்ட மாதிரி இருக்கிறது. நேற்று கோயிலிலிருந்து திரும்பி வீட்டு வாசலில் பார்த்தால் ஒரு காலில்தான் செருப்பு. மற்றது எங்கே கழன்றது என்று தெரியவில்லை.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். டப்பாவில் காலைக்கான அறையில் மூன்று மாத்திரை இருக்கிறது. முன்பு நான்கு இருந்தது. அதில் ஒன்று சிவப்பு. அது எங்கே போயிற்று? நீ வேறு எதற்கும் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, இதற்கு எழுது.

சிதம்பரநாதன்


அடையாறு
12.6.2024

தேவானை அப்பாவுக்கு,

உடனே எழுத முடியவில்லை. தேவானைக்கு ஜுரம், வீட்டு வேலை முழுக்க என் தலையில்.

சாம்பாரில் சுண்ணாம்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அதே பருப்பு, அதே பொடி. இங்கே மாப்பிள்ளை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். உங்களுக்கு என் மேல் கசப்பு, அது நாக்கில் ஏறிவிட்டது. வேறு என்ன சொல்வது?

ஒரு வாரமாக அனுப்பியது அத்தனையும் திரும்பி வருகிறது. திரும்பி வந்ததைக் கொட்ட மனம் வராமல் நானே ராத்திரிக்குச் சாப்பிடுகிறேன். நேற்று கபாலி வந்து ஒன்று சொன்னார். "அய்யா கதவயே தொறக்க மாட்டேன்றாரும்மா. வெச்சிட்டு நவுந்துக்கோன்றாரு. நா வண்டி எடுக்கறவரிக்கும் ஜன்னல்ல நின்னு பாத்துக்கினே கீறாரு" என்றார். அவர் உங்களுக்கு இருபது வருடமாகத் தெரிந்த மனிதர். அவரைக் கண்டு என்ன பயம்?

கலீமுல்லா பாயிடம் போனில் பேசினேன். கண்ணாடிக் கடையை மகனிடம் விட்டுவிட்டு தினமும் உங்களோடு நடக்க வருகிறார், உங்களுக்கென்று மிச்சமிருக்கிற சிநேகிதர் அவர் ஒருவர்தான். அவரைக்கூட பத்தடி தள்ளி நடக்கச் சொல்கிறீர்களாமே. கால் தரையில் பாவாமல் தப்புத்தப்பென்று வைத்து நடக்கிறீர்கள் என்றார். ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். என்னோடு வேண்டாம், அவரோடு போங்கள்.

மாத்திரையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டாக்டர் சீட்டில் எழுதியிருப்பதுதான் டப்பாவில் இருக்கிறது. நான்கு இருந்ததாக உங்களுக்குத் தோன்றுகிறது. இப்போதெல்லாம் உங்களுக்கு நிறையத் தோன்றுகிறது.

ஜோதி


மயிலாப்பூர்
29.6.2024

ஜோதிலட்சுமிக்கு,

பூட்டை மாற்றிவிட்டேன். உன் மகளிடம் இருக்கும் சாவி இனி செல்லாது.

கேரியர் அனுப்புவதை நிறுத்து. தோலோடு இருப்பதை மட்டும்தான் சாப்பிடுகிறேன். வாழைப்பழம், ஆரஞ்சு. தோலுக்குள் ஊசி போட்டிருந்தால் கறுப்புப் புள்ளி தெரியும், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உரிக்கிறேன். சில நாள் புள்ளி இல்லாத பழமே கிடைப்பதில்லை. அன்றைக்கு ஒன்றும் சாப்பிடுவதில்லை. அதில் கஷ்டமும் இல்லை. பசி என்ற ஒன்றே இப்போது கிடையாது. பசிக்காதவனுக்கு யாராலும் விஷம் வைக்க முடியாது, அது எனக்கு ஒரு பாதுகாப்பு. மருந்துக்கடை மெஷினில் ஏறிப் பார்த்தேன். ஐம்பத்தைந்து.

வீட்டுக்குள் யாரோ இருக்கிறார்கள். முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். மூன்று தடவை விழுந்துவிட்டேன். கண்ணைத் திறந்தால் யாரும் இல்லை. கண் திறந்திருக்கும்போது ஒருவரும் தள்ளுவதில்லை. அதனால் முகம் கழுவுவதை விட்டுவிட்டேன். விளக்கை அணைப்பதில்லை.

தோன்றுகிறது என்று எழுதினாய். பதினைந்து நாளாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான்கு மாத்திரையை உள்ளங்கையில் வைத்து விழுங்கியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அது பொய்யென்றால் என் ஞாபகம் முழுவதுமே பொய்யாக இருக்கலாம். அலுவலகத்தில் ஒரு கையெழுத்தைப் பார்த்தவுடன் அசலா போலியா என்று சொல்கிறவன் நான். என் தலைக்குள் இருப்பது எது அசல், எது போலி என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது. அது தெரியாமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

சிதம்பரநாதன்


அடையாறு
2.7.2024

தேவானை அப்பாவுக்கு,

நேற்று வந்தேன். வந்தது உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, அதனால் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைக் கபாலி கதவுக்கு அடியில் தள்ளிவிடுவார்.

ஒரு மணி நேரம் கதவைத் தட்டினேன். உள்ளே நீங்கள் நடப்பது கேட்டது, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற சத்தம். பிறகு கதவருகே வந்து, "யாரு, தங்கமா?" என்றீர்கள். உங்கள் அக்கா தங்கம் போய் எட்டு வருடம் ஆகிறது. தட்டுவதை நிறுத்திவிட்டேன். "உள்ள வராதக்கா. இந்த வீட்டுச் சோறு சாப்பிட்டுடாத" என்றீர்கள். அவ்வளவு அன்பாகச் சொன்னீர்கள். நான் படியில் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தேன்.

மாப்பிள்ளை கதவை உடைக்கலாம் என்கிறார். தேவானை மனநோய் டாக்டர் ஒருவரை விசாரித்து வைத்திருக்கிறாள். அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அவள் எல்லோரிடமும் சொல்லத் தொடங்கிவிட்டாள். நான் இரண்டு நாள் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். காகிதத்தில் எழுத வரவில்லை, மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். கதவைத் திறங்கள். சொல்லிவிட்டு உடனே போய்விடுகிறேன்.

ஜோதி


மயிலாப்பூர்
8.7.2024
(தேதி கலீமுல்லாவைக் கேட்டு எழுதியது)

ஜோதி,

பேனா விரலில் நிற்கவில்லை. சுருக்கமாக எழுதுகிறேன்.

மாத்திரை டப்பாவைத் துணியில் சுற்றி அரக்கு முத்திரை வைத்துக் கலீமுல்லாவிடம் கொடுத்துவிட்டேன். மாத்திரையைக் கேட்டு உனக்கு எழுதிய நாளிலிருந்து அதைத் தொடவில்லை. எனக்கு ஏதாவது ஆனால் டாக்டர் முன்னால் உடைத்து எண்ணச் சொல்லியிருக்கிறேன். காலையில் மூன்று. காலையில் மூன்று. சிவப்பு இல்லை.

நீ இல்லாமல் இருப்பது கஷ்டமாக இருக்கிறது. நீ வந்துவிடுவாயோ என்றும் பயமாக இருக்கிறது. இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

சிதம்பரநாதன்


ஆஸ்பத்திரி வராந்தா
11.7.2024

தேவானை அப்பாவுக்கு,

நான் பத்தடி தூரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். நேற்று என்னைப் பார்த்ததும் ஊசிக் குழாயைப் பிடுங்கிக்கொண்டு எழப் பார்த்தீர்கள், நர்ஸ் என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார். இதைப் பாய் உங்களுக்குப் படித்துக் காட்டுவார். அவர் முன்னால் என் மானம் போனாலும் போகட்டும்.

நேற்றுக் காலை மாடிப்படியில் விழுந்து கிடந்தீர்கள். பாயும் கபாலியும்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எடை ஐம்பத்து மூன்று. டாக்டர் நாக்கைப் பார்த்தார், முழங்காலைத் தட்டினார், இரும்புக் கவை ஒன்றை அதிரவைத்துக் கால் கட்டை விரலில் வைத்து அதிர்வது தெரிகிறதா என்று கேட்டார். எதை வைத்தீர்கள் என்று நீங்கள் திருப்பிக் கேட்டீர்கள். மருந்தெல்லாம் யார் எடுத்துக் கொடுப்பது என்று அவர் கேட்டபோது பாய் அந்த அரக்கு வைத்த மூட்டையை மேஜைமேல் வைத்தார். டாக்டர் எண்ணினார். பழைய சீட்டை வாங்கிப் பார்த்தார். சீட்டில் நான்கு.

நான்தான் எடுத்தேன் என்று சொன்னேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன். இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

2022 ஜனவரியில் கால் மதமதப்பு, சாப்பாடு வேண்டியிருக்கவில்லை என்று போனோமே, அப்போது எழுதிக் கொடுத்த மாத்திரை அது. இரண்டே மாதத்தில் உங்களுக்குப் பசி வந்தது. ஆறு இட்லி, பத்து மணிக்கு மறுபடி பொங்கல். அறுபத்தெட்டு கிலோ எழுபத்து நாலாயிற்று, சர்க்கரை இருநூற்றெண்பதுக்குப் போயிற்று. அத்தனை பேர் காத்திருக்கிற அறையில் அந்த டாக்டர், "என்னம்மா போடறீங்க இவருக்கு?" என்று என்னைத்தான் கேட்டார். தின்றது நீங்கள், திட்டு எனக்கு. தேவானை சின்ன வயதில் சாப்பிட மாட்டாள், பி-காம்ப்ளக்ஸ் டானிக் கொடுத்துத்தான் பசி வரவழைத்தோம். அதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பி வைட்டமின் பசியைக் கிளப்பும், உடம்பு போடும். இந்தச் சிவப்பு மாத்திரைதான் சர்க்கரையை ஏற்றுகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். ஒரு மாதம் நிறுத்திப் பார்ப்போம் என்று மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்தேன். உங்களிடம் சொன்னால் டாக்டர் எழுதியதை மாற்ற நீ யார் என்று கேட்பீர்கள். அதனால் சொல்லவில்லை.

பிறகு பசி குறைந்தது, எடை குறைந்தது, சர்க்கரை இறங்கியது. எல்லோரும் உங்களைப் புகழ்ந்தபோது எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. இன்னொன்றையும் மறைக்கவில்லை. நீங்கள் கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டு ஒரு குறையும் சொல்லாமல் எழுந்து போனது எனக்கு நிம்மதியாக இருந்தது. அது நோய் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த மாத்திரை பி12. பதினாறு வருடமாக நீங்கள் போடும் சர்க்கரை மாத்திரை அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாதாம். நம் சைவச் சாப்பாட்டில் அது பாலிலும் தயிரிலும்தான் கொஞ்சம் உண்டு, அதையும் விட்டீர்கள். "வைட்டமின் யாரையும் குண்டாக்காதும்மா. அது கொறஞ்சா பசி செத்துடும், குடுத்தா பசி திரும்பி வரும். அன்னிக்கு ஆறு இட்லி சாப்பிட்டது அவரோட சொந்தப் பசி" என்றார் டாக்டர். நாக்கு, கால், சந்தேகம், தங்கம் அக்கா எல்லாமே இதிலிருந்துதானாம்.

நீங்கள் ஜூனில் என்னிடம் சரியாகத்தான் கேட்டீர்கள். நான் பொய் எழுதினேன். சிவப்பு மாத்திரையை எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டால், நான் எதையோ கலக்குகிறேன் என்று நீங்கள் படியில் நின்று சொன்னதும் உண்மை என்று ஆகிவிடும் என்று பயந்தேன். என் பேரைக் காப்பாற்றிக்கொண்டேன்.

இன்று முதல் தினமும் ஊசி. மனசு தெளிந்துவிடும் என்கிறார். காலைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாதாம். "ஒரு மாசம் முன்னால வந்திருந்தாக்கூட" என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். ஒரு மாதத்துக்கு முன்னால்தான் உங்களுக்குத் தோன்றுகிறது என்று எழுதினேன்.

ஜோதி


அடையாறு
10.8.2024

தேவானை அப்பாவுக்கு,

நீங்கள் வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆயிற்றென்று பாய் சொன்னார். பேச்சு நிதானமாக இருக்கிறதாம், தயிர் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்களாம். அதைக் கேட்டு நான் தெருவில் நின்றுகொண்டே கும்பிட்டேன்.

என் கடிதத்துக்குப் பதில் இல்லை. திட்டியாவது எழுதுங்கள். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். உங்களைப் பிடித்து நடக்கவைக்க ஆள் வேண்டும். நான் வரட்டுமா?

ஜோதி


மயிலாப்பூர்
2.9.2024

ஜோதிக்கு,

இரண்டு கடிதங்களும் கிடைத்தன. தாமதத்துக்குக் கை நடுக்கம் மட்டும் காரணம் இல்லை. எல்லாக் கடிதங்களையும் தேதிவாரியாக அடுக்கிப் படித்தேன். நான் எழுதியவற்றுக்கும் நகல் வைத்திருந்தேன், அலுவலகப் பழக்கம். இவ்வளவு அசிங்கமாக நான் எழுதியிருக்கிறேன் என்று வெட்கமாக இருக்கிறது.

உன் மேல் சுமத்திய பழிகளுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சாம்பாரில் ஒன்றும் இல்லை. பழத்தில் ஊசி இல்லை. குளியலறையிலும் யாரும் இல்லை. டாக்டர் என்னை நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார், சாய்ந்தேன், பிடித்துக்கொண்டார். தரை காலுக்குத் தெரியாததால் இவ்வளவு நாளும் கண்ணை நம்பித்தான் நின்றிருக்கிறேன். தேவானையிடமும் மாப்பிள்ளையிடமும் கபாலியிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டேன்.

பசி வந்தது பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். ஊசி போட ஆரம்பித்து ஒன்பதாம் நாள் விடியற்காலை, பக்கத்துக் கட்டிலில் யாரோ காபி ஆற்றினார்கள். அந்த வாசனையில் வயிறு இழுத்துக்கொண்டது. என்ன வலி என்று முதலில் புரியவில்லை. புரிந்ததும் அழுதுவிட்டேன். இப்போது ஐம்பத்தொன்பது கிலோ. கால் அப்படியே இருக்கிறது. வாக்கர் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் குளியலறைக்கும் போய்வருகிறேன். ஒரு வருடத்துக்குள் திரும்பாதது பிறகு திரும்பாது என்கிறார்கள்.

மாத்திரையை எடுத்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. என் சர்க்கரையை நினைத்து எடுத்தாய். மருந்துக்கடை வரிசையில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் நீ நம்பியதைத்தான் நம்புகிறார்கள். உன்னிடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஜூன் 12தான் என்னால் தாண்ட முடியாமல் நிற்கிறது. புத்தி தவறிக்கொண்டிருந்த ஒருவன் நூறு பிதற்றினான். அதில் ஒன்று உண்மை. அது உண்மை என்று உலகத்தில் உனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அவன் உன்னிடம்தான் கேட்டான். உனக்கு நிறையத் தோன்றுகிறது என்று நீ எழுதினாய். அதன் பிறகுதான் நான் என்னை நம்புவதை விட்டேன். அன்று ஆமாம் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் கதவைத் திறந்திருப்பேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை, ஆனால் நினைக்கிறேன்.

வருவதென்றால் வா. இது உன் வீடு. புதுப் பூட்டின் சாவி உறைக்குள் இருக்கிறது. எனக்கும் தனியாக இருக்க முடியவில்லை. சமையல் மட்டும் வேண்டாம். கலீமுல்லாவின் மனைவி நஸ்ருன்னிசா தனிப் பாத்திரம் வைத்து எனக்குச் சைவமாகச் செய்து அனுப்புகிறார். உனக்கும் சேர்த்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். தட்டில் நானே போட்டுக்கொள்வேன், மாத்திரையை நானே எடுத்துக்கொள்வேன். இதையும் நோய் என்று தேவானை சொல்லலாம். டாக்டரிடம் கேட்டுவிட்டேன், இரத்தத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. நீ பரிமாறினால் என்னால் சாப்பிட முடியாது. எனக்கு இப்போது நன்றாகப் பசிக்கிறது, ஜோதி. அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

சிதம்பரநாதன்